ஓர் அடிப் பாறையைக் கடக்க ஒலிக்கு எவ்வளவு நேரம்?

எங்கள் வீட்டில் போர் போட்ட அன்று ராத்திரி முழுக்க ரிக் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மேலே செம்மண், அப்புறம் கொஞ்சம் சுக்கான்பாறை, அதற்குக் கீழே கருங்கல். பீறிட்டு வரும் தூளை ரிக் ஓட்டும் அண்ணன் அவ்வப்போது கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போய் நின்றுகொள்வார்.

"கீழே வெடிப்பு வருதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?"

"தூளைப் பாக்கணும், சத்தத்தைக் கேக்கணும் தம்பி."

கெட்டிக் கல்லை அடிக்கும்போது ஒரு சத்தம், வெடிப்பில் இறங்கும்போது வேறு சத்தம். அத்தனை வருஷத்தில் அவர் காது அதற்குப் பழகியிருந்தது. 600 அடி போருக்கு அந்தக் காது போதும். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்குப் போதாது. அங்கே துளை முழுக்கச் சேறு நிரப்பித்தான் துளைப்பார்கள், அடியில் உடைந்த துகள் அந்தச் சேற்றோடு மிதந்து மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், வருகிற வழியில் மேல் அடுக்குத் துகளோடு கலந்தும் போகும். இந்தத் துகள் சரியாக எந்த அடியில் கிடைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் துளைத்து முடித்தபின் ஒரு கருவியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குகிறார்கள். அது பாறைக்குள் ஒலியை அனுப்பி, ஓர் அடிப் பாறையைக் கடக்க அந்த ஒலி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று அடிக்கு அடி எழுதிக்கொண்டே வரும். இதற்கு சோனிக் லாக் என்று பெயர். கருவிக்குத் தெரிந்தது நேரம் ஒன்றுதான், இந்தக் கட்டுரை முழுக்க நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். பாறையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, உள்ளே இருப்பது தண்ணீரா வாயுவா, பாறை எவ்வளவு விறைப்பு என்பதெல்லாம் அந்த நேரத்திலிருந்து நாம் கணக்குப் போட்டு எடுப்பவை.

முதலில் ஒலியின் வேகம். காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் சுமார் 1,500, கெட்டியான கருங்கல்லில் 5,000க்கும் மேல். கனமான பொருளில் ஒலி வேகமாகப் போகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. ஈயம் இரும்பைவிடக் கனம், ஆனால் ஈயத்தில் ஒலி இரும்பில் போகும் வேகத்தில் பாதிகூடப் போகாது. வேகத்தைக் கூட்டுவது விறைப்பு. அழுத்தினால் எவ்வளவு உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதோ அவ்வளவு வேகமாக அந்தத் தள்ளல் அடுத்த துகளுக்குக் கைமாறும். அடர்த்தி ஒரு சுமைபோல அந்த ஓட்டத்தை மெதுவாக்கவே பார்க்கும். தண்ணீரோடு ஒப்பிட்டால் பாறையில் அடர்த்தி கூடுவதைவிட விறைப்பு பல மடங்கு கூடுவதால்தான் ஒலி அங்கே பறக்கிறது.

எண்ணெய்த் துறையில் வேகத்தைச் சொல்ல மாட்டார்கள், ஓர் அடிக்கு எத்தனை மைக்ரோ செகண்ட் என்றுதான் சொல்வார்கள். மைக்ரோ செகண்ட் என்றால் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இடைவெளியே இல்லாத மணற்பாறை என்றால் அடிக்கு 55.5. சுண்ணாம்புக்கல் 47.5, டோலமைட் 43.5, கல்லுப்பு 67. துளைக்குள் இருக்கும் உப்புக் கலந்த தண்ணீர் 189. எண் கூடினால் ஒலி மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். முதல் தடவை லாக் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

சரி, கருவியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நீளமான குழாய்போல இருக்கும். ஒரு முனையில் ஒலி எழுப்பும் பகுதி, அங்கிருந்து 3 அடியில் ஒரு காது, 5 அடியில் இன்னொரு காது. எளிய பழைய வடிவம் இது. கருவி துளையின் நடுவில் தொங்குகிறது, சுற்றிலும் சேறு, அதற்கு அப்பால் பாறைச் சுவர். 8 அங்குலத் துளையில் மூன்றரை அங்குலக் கருவி என்றால் இரண்டுக்கும் நடுவே இரண்டேகால் அங்குலச் சேறு இருக்கிறது. ஒலி எழுப்பினால் அது சேற்றின் வழியாகவே நேராகக் காதுக்கு வந்துவிடாதா, பாறைக்குள் எதற்குப் போக வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேற்றின் வழியே நேராக 3 அடி வந்தால் 3 பெருக்கல் 189, அதாவது 567 மைக்ரோ செகண்ட். கெட்டி மணற்பாறை வழியாக வந்தால் முதலில் சேற்றைத் தாண்ட 35, பாறையில் 3 அடி ஓட 166, திரும்பச் சேற்றைத் தாண்டிக் காதுக்கு வர 35, ஆக மொத்தம் சுமார் 237. (ஒலி சாய்கோணத்தில் பாறைக்குள் நுழைவதால் வரும் சின்ன வித்தியாசத்தை விட்டுவிட்டேன்.) சுற்று வழிதான், ஆனால் அதுதான் முதலில் வந்து சேர்கிறது. ஊருக்குள் கடைத்தெரு வழியாக நேரே போகிறவரைவிட பைபாஸில் சுற்றிப் போகிறவர் முன்னால் போய்ச் சேர்வதில்லையா, அதே சங்கதிதான். காதில் முதலில் விழும் ஒலி பாறைக்குள் ஓடி வந்த ஒலி என்பதால்தான் இந்த முறையே வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் துளையில் திரவம் இருந்தாக வேண்டும். காய்ந்த துளையில் ஒலி கருவியிலிருந்து காற்றுக்குப் போய்ப் பாறைக்குள் ஏறுவதற்குள் செத்துவிடும்.

இரண்டாவது காது எதற்கு? 5 அடியில் இருக்கும் காதுக்கு 35 கூட்டல் 277 கூட்டல் 35, சுமார் 348 மைக்ரோ செகண்ட் ஆகும். 348இலிருந்து 237ஐக் கழித்தால் 111. இரண்டு காதுக்கும் இடையே 2 அடி, அதனால் பாதியாக்கினால் 55.5. சேற்றைத் தாண்டிய நேரம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததால் கழித்தலில் காணாமல் போய்விட்டது, சுத்தமாகப் பாறையின் எண் மட்டும் கையில் நிற்கிறது. இவ்வளவு சின்னக் கழித்தலில் இவ்வளவு பெரிய தொல்லை தீர்ந்துபோவது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷத்தைத் தருகிறது. ஒலி எழுப்பி ஒன்று, காது இரண்டு என்ற இந்த யோசனையை 1935இலேயே கான்ராட் ஷ்லம்பர்ஜே எழுதி வைத்துவிட்டார். 1927இல் பிரான்சின் பெஷெல்ப்ரானில் கிணற்றுக்குள் முதன்முதலாக மின்சாரத்தால் பாறையை அளந்த குழு அவருடையதுதான். ஆனால் மைக்ரோ செகண்ட் கணக்கில் நேரத்தைப் பிடிக்கும் மின்னணுச் சுற்றுகள் அப்போது இல்லாததால் சோனிக் கருவி நடைமுறைக்கு வர 1950கள் ஆகிவிட்டது.

இந்தக் கழித்தலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. களிப்பாறை இருக்கும் இடத்தில் துளையின் சுவர் இடிந்து அகலமாகிவிடும். ஒரு காதுக்கு எதிரே துளை அகலம், இன்னொன்றுக்கு எதிரே ஒடுக்கம் என்றால் சேற்றைத் தாண்டும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது, கழித்தாலும் போகாது. கருவி சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். அதற்காக மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஒலி எழுப்பிகளை வைத்து, இரண்டு திசையிலும் அளந்து சராசரி எடுத்தார்கள். ஒரு திசையில் கூடுதலாகக் காட்டும் பிழை மறுதிசையில் குறைவாகக் காட்டும், கூட்டினால் அடிபட்டுப் போகும். இன்னொன்று, கருவியின் உடம்பு இரும்பு. இரும்பிலும் ஒலி அடிக்கு 57 மைக்ரோ செகண்டில் ஓடும், பாறையோடு போட்டி போடும் வேகம் அது. அதனால் உடம்பில் வரிசையாகக் கீறல்களை வெட்டி, அதன் வழியே போகும் ஒலி வளைந்து வளைந்து தாமதமாக வரும்படி செய்கிறார்கள். அளவெடுப்பது வழக்கமாகக் கருவியை மேலே இழுக்கும்போதுதான், அப்போது கம்பி தொய்வில்லாமல் இருக்கும், எந்த ஆழத்தில் அளக்கிறோம் என்பதில் சந்தேகம் வராது.

இப்போது எண் கிடைத்துவிட்டது. மணற்பாறை என்று தெரிந்த இடத்தில் லாக் 82 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெட்டி மணற்பாறைக்கு 55.5, வெறும் தண்ணீருக்கு 189. இந்த இரண்டுக்கும் நடுவில் 82 எங்கே விழுகிறது? 82இலிருந்து 55.5 போக 26.5. மொத்த இடைவெளி 133.5. வகுத்தால் கிட்டத்தட்ட 20 சதவீதம். அந்தப் பாறையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம், அதில் திரவம் நிரம்பியிருக்கிறது. ஒலி கொஞ்ச தூரம் கல்லிலும் கொஞ்ச தூரம் தண்ணீரிலும் ஓடியதாகப் பாவித்து நேரத்தைப் பங்கு பிரிக்கும் இந்தக் கணக்கை 1956இல் வைலி, கிரிகரி, கார்ட்னர் என்ற மூவர் வெளியிட்டார்கள். உண்மையில் ஒலி அப்படி வரிசையாக ஒன்றை முடித்து இன்னொன்றில் ஓடுவதில்லை, ஆனால் நன்றாக இறுகிய, தண்ணீர் நிரம்பிய மணற்பாறையில் விடை ஆச்சரியப்படும்படி சரியாக வரும். இறுகாத மணலில் நம்பக் கூடாது, அங்கே இருப்பதைவிட அதிக வெற்றிடத்தைக் காட்டும்.

களிப்பாறையில் இந்தக் கணக்கைப் போடவே கூடாது. அதுவும் மெதுவான பாறைதான், எண் பெரிதாக வரும், எண்ணெய் ஊறும் மணற்பாறை என்று ஏமாந்து போவோம். ஆனால் களிப்பாறை வேறொரு விதத்தில் உயிரையே காப்பாற்றக்கூடியது. ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாரத்தால் களிப்பாறை நசுங்கி, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறி, இறுகிக்கொண்டே போகும், அதனால் எண் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். திடீரென்று ஓரிடத்தில் எண் திரும்பவும் கூட ஆரம்பித்தால், அங்கே தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சிக்கி, மேல் பாரத்தின் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொண்டு அழுத்தத்தோடு காத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தெரியாமல் அதற்குள் துளைத்தால் கிணறு பீறிட்டுவிடும். பக்கத்துக் கிணற்றின் சோனிக் லாக்கைப் படித்தவர்கள் அடுத்த கிணற்றில் சேற்றின் கனத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது முதலில் வந்து சேரும் அலையைப் பற்றி மட்டும். அது பள்ளிக்கூடத்தில் படித்த நெட்டலை, பாறையை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் போவது. அதற்குப் பின்னால் குறுக்கலை வரும், பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போவது. மணற்பாறையில் நெட்டலை குறுக்கலையைவிடச் சுமார் 1.6 மடங்கு வேகம், சுண்ணாம்புக்கல்லில் சுமார் 1.9 மடங்கு. இந்த விகிதத்தைப் பார்த்தே என்ன பாறை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

திரவத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது எதிர்த்து நிற்காது, அதனால் குறுக்கலை திரவத்தில் போகாது. இதில் ஒரு நல்ல தந்திரம் ஒளிந்திருக்கிறது. பாறையின் வெற்றிடத்தில் தண்ணீருக்குப் பதில் வாயு இருந்தால், வாயு எளிதில் அமுங்கும் என்பதால் நெட்டலை சட்டென்று மெதுவாகும். குறுக்கலை அந்த வெற்றிடத்தில் என்ன இருக்கிறது என்று கவலைப்படாது, பாறைச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும், அதன் வேகம் அநேகமாக மாறாது. நெட்டலை மட்டும் தடுமாறினால் வாயு என்று சந்தேகிக்கலாம், இரண்டும் சேர்ந்து தடுமாறினால் பாறையே பலவீனம்.

விறைப்பை அளக்கவும் குறுக்கலைதான். அடர்த்தியைக் குறுக்கலை வேகத்தின் இருமடியால் பெருக்கினால், பக்கவாட்டில் ஆட்டும்போது பாறை எவ்வளவு எதிர்க்கும் என்ற எண் வந்துவிடும். அடர்த்தி கனமீட்டருக்கு 2,400 கிலோ, குறுக்கலை வேகம் விநாடிக்கு 2,000 மீட்டர் என்றால் விடை 9.6 கிகா பாஸ்கல். ஆனால் ஒலி பாறையைத் தொட்டும் தொடாமலும்தான் அசைக்கிறது. ஆய்வகத்தில் அதே பாறைத் துண்டை இயந்திரத்தில் வைத்து மெதுவாக நசுக்கினால் பெரும்பாலும் இதைவிடக் குறைவான விறைப்புதான் வரும். ஒலியில் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்துச் சுரங்கப் பாதைக்கு வடிவமைப்பு செய்யக் கூடாது, திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில், துளைச் சுவரையே பிடித்துக்கொண்டு ஒரு மெதுவான அலை வரும். ஸ்டோன்லி அலை என்பார்கள். திறந்த வெடிப்பைத் தாண்டும்போது சேறு வெடிப்புக்குள் தள்ளப்பட்டு அந்த அலையின் பலம் குறையும், அதனால் திரவம் ஓட வழி இருக்கிறதா என்பதை இது காட்டிக்கொடுக்கும். நம் ரிக் அண்ணன் காதால் தேடியது அப்படிப்பட்ட வெடிப்பைத்தான்.

கருவி பொய் சொல்லும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பு நிறைந்த பாறையிலும் வாயு உள்ள இடத்திலும் முதல் அலை மிகவும் நலிந்து வரும். ஒரு குறிப்பிட்ட சத்த அளவைத் தாண்டினால்தான் பழைய கருவிகள் "வந்துவிட்டது" என்று நேரத்தைக் குறிக்கும். தூரத்துக் காது முதல் அலையைத் தவறவிட்டு அடுத்த அலையைப் பிடித்தால், நேரம் திடீரென்று எகிறி, லாக்கில் கூரான முட்கள்போலத் தெரியும். அந்த எண்களை வைத்து வெற்றிடம் கணக்கிட்டால் நடக்கவே முடியாத விடைகள் வரும். ஆனால் அந்த முட்களே ஒரு செய்தி, ஒலியை ஏதோ விழுங்குகிறது என்று அவை சொல்கின்றன.

எண்ணெய்க் கிணற்றுக்கு வெளியேயும் இதே ஒலிக்கு வேலை இருக்கிறது. புதிதாக ஒட்டிய தரை டைல்ஸை மேஸ்திரி தட்டிப் பார்ப்பார், அடியில் கலவை இல்லாத இடம் பொத்தென்று ஒலிக்கும். கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயின் பின்னால் சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்றும் இப்படியே பார்க்கிறார்கள். பிடிக்காத இடத்தில் குழாய் மணிபோல அதிரும், பிடித்த இடத்தில் சத்தம் அமுங்கிவிடும்.

கட்டடம் கட்டும் இடத்தில் 30 மீட்டர் துளை போட்டுக் குறுக்கலை வேகத்தை அளப்பதும் உண்டு. துளை வாய்க்குப் பக்கத்தில் தரையில் ஒரு கனத்த பலகையைப் போட்டு, அசையாமல் இருக்க அதன்மேல் ஜீப் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, பலகையின் ஒரு முனையில் பக்கவாட்டில் சம்மட்டியால் அடிப்பார்கள், துளைக்குள் இருக்கும் உணரி அதிர்வு வந்த நேரத்தைக் குறிக்கும். அப்புறம் மறுமுனையில் அடிப்பார்கள். பதிவான அலை தலைகீழாகப் புரண்டால் அது குறுக்கலைதான் என்று உறுதி. சராசரி வேகம் விநாடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் அது மென்மையான மண், 760க்கு மேல் என்றால் பாறை என்று அமெரிக்க நிலநடுக்க விதிமுறையில் நெடுநாள் வகுத்திருந்தார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் நிலம் நடுங்கியபோது, 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில் கட்டடங்கள் சரிந்தன. பழைய ஏரிப் படுகையின் மென்களி அந்த நடுக்கத்தைப் பல மடங்காக்கிவிட்டது. குறுக்கலை மெதுவாகப் போகும் மண்ணின்மேல் குடியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒரு துளை. கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூர், இரண்டு நிலத்தட்டுகள் உரசி நகரும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் இருக்கிறது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன, அப்புறம் 2004 செப்டம்பரில் இன்னொன்று. அந்தப் பிளவுக்குள்ளேயே துளையிட்டுப் பார்த்துவிடுவது என்று 2004இல் வேலையைத் தொடங்கினார்கள். பிளவுக்கு 1.8 கிலோமீட்டர் தள்ளி நேராகக் கீழே இறங்கி, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் திருப்பி, 2005இல் பிளவைக் குறுக்கே கடந்தார்கள்.

சோனிக் லாக்கில் துளையின் நீளவாக்கில் 3,192 மீட்டரிலிருந்து 3,413 மீட்டர் வரை நெட்டலையும் குறுக்கலையும் இரண்டுமே மெதுவாகிவிட்டன, சுற்றியுள்ள பாறையைவிட வேகம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. 200 மீட்டர் அகலத்துக்கு நொறுங்கிப்போன பாறை. அதற்குள்ளும் சில இடங்களில், இரண்டு மூன்று மீட்டர் தடிமனுக்கு மட்டும், வேகம் இன்னும் கீழே விழுந்திருந்தது. துளைக்குள் இரும்புக் குழாயை இறக்கி சிமெண்ட் போட்டபின், குழாயின் உள்விட்டத்தை விரல்போன்ற கம்பிகளால் தடவி அளக்கும் கருவியைத் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தார்கள். குழாய் இரண்டு இடங்களில் நெளிந்துகொண்டிருந்தது, ஒன்று 3,192 மீட்டர் அருகே, இன்னொன்று 3,302 மீட்டர் அருகே. சோனிக் லாக் மிக மெதுவாகக் காட்டிய மெல்லிய பட்டைகள் இருந்த இடங்கள் அவை. பிளவு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, 200 மீட்டரும் சேர்ந்து நகராமல் அந்தச் சில மீட்டர்களில் மட்டும்.

2007இல் அந்த ஆழத்திலிருந்து பாறைத் துண்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பட்டைகளிலும் இருந்தது செதில் செதிலாக உதிரும் களி, நடுநடுவே பாம்புக்கல் (செர்பென்டினைட் என்ற பாறை) துண்டுகள். சாப்போனைட் என்ற, மக்னீசியம் மிகுந்த வழவழப்பான களிக்கனிமம் அதில் நிறைந்திருந்தது. உராய்வு மிகக் குறைவான பொருள் அது. அங்கே பிளவு பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே போவதற்கு அந்தக் களிதான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.